முதல் முரல்

மே பிறந்ததும் முரல் மீன் கரைக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு யென்ஸ் இரண்டைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மங்கையற்கரசியின் கணவர் மாமாங்கத்தோடு கடலோரக் கல்லணையில் தூண்டில் போட்டவர்.

"முதல் மீன் உனக்கென்று அவன் சொல்லிவிட்டுத்தான் போனான்" என்றார் டேனிஷில்.

கணவரின் சாம்பலை மட்டக்களப்புக்குக் கொண்டுபோகாமல், ஜன்னலில் தெரியும் இந்தக் கடலிலேயே கரைக்கச் சொன்னவள் மங்கையற்கரசிதான். கண்ணெதிரே இருக்கட்டும் என்று நினைத்த புத்திக்கு, சட்டிக்கு மீன் வருவதும் இதே கடலிலிருந்துதான் என்பது உறைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் மீனே தொடவில்லை.

"அம்மா, வேணாமெண்டு சொல்லட்டா?" என்றாள் மகள் சாரங்கி.

"அப்பா குடுத்துவிட்டத எப்பிடி மகள் திருப்பி அனுப்புற?"

குழம்பு வைத்து, தட்டில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, முரலுக்கே உரிய பச்சை நிற முள்ளோடு மல்லுக்கட்டினாள். இத்தனை வருடமும் அவளுக்கு முள் எடுத்துக் கொடுத்தது அவர்தான்.