ஒரு சிட்டிகைத் தீனி

மாஸ்டர் சமைத்த காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் எண்ணூறு பேர் வேலை செய்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தால் ஆயிரத்து இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். மிச்ச நானூறு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று நிர்வாகம் மூன்று முறை விசாரணை வைத்தது. விசாரிக்க வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டுப் போனார்களே தவிர விடை கிடைக்கவில்லை. முப்பத்தொரு வருடம் அந்தக் கேன்டீனை ஆண்டவர் அவர். அண்டாவைக் கழுவுகிறவர் ஏணி வைத்து உள்ளே இறங்குவார். மத்தியானம் அவரைக் காணோம் என்றால் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிடுவார்கள். "ஒரு சிட்டிகை உப்புப் போடு" என்று மாஸ்டர் குரல் கொடுத்தால், பக்கத்தில் நிற்கிறவர் முறத்தைத் தேடுவார்.

ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு மாஸ்டர் என்றே பெயர். வீட்டுக்குள் மட்டும் அந்தப் பதவி அவர் மனைவியிடம் இருந்தது.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். ஒரு சொட்டை நாலாகப் பிரித்து, நாலும் சமமா என்று பார்க்கக்கூடியவர். கூடத்து ஜன்னலிலிருந்து தள்ளி, வெயில் படாத சுவரோரம் அவர் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். எண்பது லிட்டர் உப்புத்தண்ணீர், கொஞ்சம் பாறை, இரண்டு கோமாளி மீன்கள், நடுவில் ஒரு சுத்தியல் பவளம். வாங்கும்போது அதற்கு ஒரே தலை, கட்டைவிரல் நகத்தளவு. ஆறு வருடத்தில் ஏழு தலை ஆகியிருந்தது. ஒவ்வொரு தலையிலிருந்தும் குட்டிக் குட்டிச் சுத்தியல்கள் நீண்டு, தண்ணீர் ஓட்டத்துக்குத் தகுந்தபடி எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும்.

மாஸ்டருக்கு ஓய்வுகால உத்தியோகமே அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்வதுதான். ஒன்பதிலிருந்து ஒன்று வரை, பிறகு இரண்டிலிருந்து ஐந்து வரை. ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. எண்ணூறு பேர் சத்தம் போன காதுக்கு அந்த மோட்டார் முனகல் போதுமானதாக இருந்தது. அந்தத் தொட்டி இல்லாவிட்டால் தான் என்ன செய்வோம் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது என்பதே சரி.

இந்த நிலையில் அம்மாளின் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். நாற்பது நாள் துணைக்கு இருக்க வேண்டும். அம்மாள் பெட்டி கட்டினார்.

"முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்க. தம்பி தூக்கிட்டுப் போயிடுவான். ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டேதான் இருக்கான்."

"எண்ணூறு பேருக்குப் போட்டவன்மா நான். ரெண்டு மீனுக்குப் போட மாட்டேனா?"

"ரெண்டுக்குப் போடறதுதான் கஷ்டம். நான் வர்றப்போ பவளம் வாடியிருந்துதுன்னா தொட்டி தம்பி வீட்டுக்குப் போகும். அப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"வெச்சுக்க மாட்டேன்."

சுவரில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். தினம் ஒரு வேளை, ஒரு சிட்டிகைத் தீனி. வாரம் ஒரு வாளி தண்ணீர் மாற்றவும். விளக்கு தானே எரியும், தானே அணையும். வேறு எதையும் தொட வேண்டாம்.

மாஸ்டர் அதில் ஓர் எழுத்து பிசகாமல் நடந்தார். வந்த வினை அதுதான்.

தீனி, ரவைக்கும் கொஞ்சம் பெரிய குருணை. மாஸ்டர் டப்பாவுக்குள் ஐந்து விரலையும் விட்டு, தன் மனசாட்சிக்கு உட்பட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். தண்ணீரில் அது விழுந்தபோது மழை மாதிரி சத்தம் கேட்டது. மீன்கள் இரண்டும் தின்றன, திகைத்தன, மறுபடி தின்றன. மிச்சம் பாறை இடுக்கில் போய் உட்கார்ந்தது. ஒன்பதாம் நாள் டப்பா காலி. ஊருக்குப் போகிறவர்கள் டப்பாவின் அடியில் கொஞ்சம் மட்டும் வைத்துவிட்டுப் போவது உலக வழக்கம் என்று மாஸ்டர் பெரிய டப்பாவாக ஒன்று வாங்கி வைத்தார்.

பத்தாம் நாள் பாறையில் பச்சையாக, பூனை மயிர்போலப் பாசி தெரிந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார். பதினாலாம் நாள் பாறைக்குத் தாடி வளர்ந்திருந்தது. பதினாறாம் நாள் தாடிக்குள் நுழைந்த மீன் மறுபக்கம் வர முக்கால் மணி நேரம் ஆனது. வந்ததும் கொட்டாவி விட்டது. பச்சை நூல் பவளத்தின் காலைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. சுத்தியல்கள் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டன.

மாலை ஐந்து மணிக்கு மனைவி வீடியோவில் வருவார். மாஸ்டர் போனைத் தொட்டியின் மேல்மூலையை ஒட்டிப் பிடித்துக்கொள்வார். அங்கே இன்னும் கண்ணாடி தெரிந்தது.

"பவளத்தைக் காட்டுங்க."

"அது இப்பத்தான் கண் அசந்துச்சு."

"பவளத்துக்குக் கண்ணே கிடையாதுங்களே."

"அதான் சொல்றேன். கஷ்டப்பட்டு அசந்திருக்கு, எழுப்ப வேணாம்."

தினமும் சாயங்காலம், தொட்டியைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மைத்துனர் வருவார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அடுத்தவர் ஓட்டும்போது பிரேக்கை மிதித்தே இருபது வருடம் ஓட்டியவர் என்பதால், யார் எதைச் செய்தாலும் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். கையில் அளவு நாடாவோடு வந்து தொட்டியின் நீளத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார்.

"நேத்து அளந்த நீளம்தான் மாப்ள இன்னிக்கும்."

"தெரியும் மாமா. எங்க வீட்டு மேஜைதான் நாளுக்கு நாள் சின்னதாத் தெரியுது."

மாஸ்டர் ஒரு புட்டியில் தொட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டு மீன்கடைக்குப் போனார். கடைக்காரர் அதில் மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கினார். தண்ணீர் சிவந்தது. கருஞ்சிவப்பானது. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதை வயல்ல ஊத்துனா மூணு போகம் விளையும் மாஸ்டர். தண்ணி பூரா உரம். யார் போட்டது?"

"நான் போடலியே."

"தீனி எவ்வளவு போடறீங்க?"

"ஒரு சிட்டிகை."

"ஒரு வேளையா?"

"ஒரே வேளைதான்."

"அப்ப அது இல்ல," என்றார் கடைக்காரர். அவருக்குத் தெரிந்த சிட்டிகையும் மாஸ்டருக்குத் தெரிந்த சிட்டிகையும் ஒரே எழுத்தில்தான் இருந்தன. இருவருமாக முக்கால் மணி நேரம் வேறு காரணம் தேடினார்கள். குழாய்த் தண்ணீரா என்று கேட்டார். இல்லை, சுத்திகரித்த தண்ணீர். வெயிலா என்று கேட்டார்; இல்லை. கடைசியில் யாராவது வேண்டாதவர்கள் உண்டா என்று கேட்டார். மாஸ்டருக்கு அளவு நாடா ஞாபகம் வந்தது. அன்று முதல் மைத்துனர் வரும்போதெல்லாம் மாஸ்டர் அவர் சட்டைப்பையை ஓரக்கண்ணால் பார்த்தார். செடி உரம் வைத்திருந்தால் பை புடைத்திருக்கும்.

கடைக்காரர் பாசி மேயும் நத்தைகள் பத்துக் கொடுத்து அனுப்பினார். நத்தைகள் இறங்கிய அன்றே வேலையை ஆரம்பித்தன. இரவு பகல் பாராமல் மேய்ந்தன. மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலை செய்கிற எவரையும் வெறும் வயிற்றோடு விட்ட பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"அதுகளும் பாடுபடுதே," என்று இன்னொரு சிட்டிகை சேர்த்துப் போட்டார்.

மூன்றாம் நாள் இரண்டு நத்தைகள் உடம்பு பெருத்துக் கண்ணாடியிலிருந்து தொப்பென்று விழுந்தன. பாசி தண்ணீர் மட்டத்தைத் தொட்டு, இன்னும் மேலே வழி இருக்கிறதா என்று பார்த்தது. மாஸ்டர் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். விரலால் பறித்தார். பறித்ததைப் பிழிந்து கொடியில் போட்டிருந்தால் தெருவுக்கே ஸ்வெட்டர் பின்னியிருக்கலாம். மறுநாள் காலையில் அதே உயரம்.

இருபத்து நாலாம் நாள் மைத்துனர் ஒரு கம்பளிப் போர்வையோடு வந்தார்.

"மூணு நாள் இருட்டுல போட்டா பாசி செத்துரும் மாமா. பவளம் தாங்கும். படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"உனக்கு எதுக்கு மாப்ள இவ்வளவு அக்கறை?"

"நாளைக்கு எங்க வீட்டுக்கு வர்ற பொருள் சுத்தமா வரட்டுமேன்னுதான்."

அதில் ஒரு நேர்மை இருந்ததால் மாஸ்டர் ஒப்புக்கொண்டார். இருவரும் தொட்டிக்குப் போர்வை போர்த்தினார்கள். மறுநாள் காலையில் மாஸ்டர் மட்டும் ஓரத்தைத் தூக்கி வழக்கம்போல் போட்டார். இருட்டில் இருப்பவனுக்குப் பசி கூட எடுக்கும் என்று கொஞ்சம் தாராளமாகவே போட்டார்.

அன்று ஐந்து மணிக்கு போன் அடித்தபோது அவர் கை ஈரம். மைத்துனர் எடுத்து, நேராகத் தொட்டியைப் பார்த்துப் பிடித்துவிட்டார்.

"ஏன் போர்வை போத்தியிருக்கு?" என்றார் அம்மாள்.

"குளிருதாம்," என்றார் மாஸ்டர்.

"போர்வையை எடுங்க."

எடுத்தார்கள். அம்மாளின் முகம் கிட்டே வந்து போன் திரையை நிறைத்தது.

"எழுதி வெச்சிட்டு வந்தேனே. என்ன பண்ணினீங்க?"

"எழுதினபடிதான் பண்ணினேன்."

"தீனி?"

"ஒரு சிட்டிகை."

பரிசோதனைக் கூடத்தில் முடிவு முரண்டு பிடித்தால் அந்த அம்மாள் ரத்தத்தைச் சந்தேகிக்க மாட்டார். ரத்தம் எடுத்த கையைப் பார்ப்பார். "போட்டுக் காட்டுங்க," என்றார்.

மாஸ்டர் டப்பாவைத் திறந்தார். கை உள்ளே போனது, மணிக்கட்டு வரை போனது, மூடிய முஷ்டியாக வெளியே வந்தது. விரலிடுக்கில் நாலு குருணை தரையில் சிந்தியது. மைத்துனரின் வலது கால் தரையை அழுத்தியது.

"அது சிட்டிகையா?" என்றார் அம்மாள்.

"எண்ணூறு பேருக்கு அதுதான் சிட்டிகை."

"அங்க ரெண்டு பேர்தானே இருக்காங்க?"

மாஸ்டர் தன் முஷ்டியைப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக அது அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. மைத்துனரின் சட்டைப்பையை இத்தனை நாள் பார்த்ததற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"வண்டி சொல்லிடட்டுமாக்கா?" என்றார் மைத்துனர்.

"நாப்பது நாள்னு சொன்னேன்டா. இன்னும் பதினஞ்சு இருக்கு." பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னார்: "மூணு நாள் ஒரு குருணை கூடப் போடக் கூடாது. அப்புறம் தினம் எட்டு. எண்ணிப் போடணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி மாத்துங்க, பாசியைப் பறிச்சுக்கிட்டே இருங்க."

"மூணு நாள் பட்டினி போடணுமா?"

"மீன் சாகாது. பாசிக்குத்தான் பட்டினி."

தொழிற்சாலையில் ஒருமுறை கூரை பிய்ந்து பறந்த அன்றும் மாஸ்டர் குடை பிடித்துக்கொண்டு சோறு போட்டவர். வந்து நின்றவனை இல்லை என்று அனுப்பியதில்லை. இப்போது இரண்டு பேர் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். இவர் எழுந்தால் எழுந்த பக்கம் வந்தார்கள். உட்கார்ந்தால் உட்கார்ந்த பக்கம் வந்தார்கள். இரண்டாம் நாள் மாஸ்டர் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். முதுகில் நாலு கண் பட்டது. அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

"பாவம் மாமா, மூஞ்சியப் பாருங்க," என்றார் மைத்துனர். "ஒண்ணே ஒண்ணு போட்டா என்ன?"

மாஸ்டர் எழுந்து டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தார். "இது உன் வீட்டுல இருக்கட்டும். நான் கெஞ்சுனாலும் எட்டுக்கு மேல குடுக்காதே."

"நான் கூடக் குடுத்துட்டா தொட்டி எனக்கு வந்துரும் மாமா."

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட குடுக்கறேன். குறைச்சுக் குடுக்க உனக்கு மனசு வராது, கூடக் குடுத்தா எதுக்குக் குடுத்தேன்னு எனக்குத் தெரிஞ்சுரும்."

இதைக் கேட்டு மைத்துனர் கொஞ்ச நேரம் குழம்பினார். ஆனால் டப்பாவை வாங்கிக்கொண்டு போனார்.

நாலாம் நாளிலிருந்து தினமும் காலையில் மாஸ்டர் தெருக்கோடிக்கு நடந்தார். மைத்துனர் தராசு பிடிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு எட்டுக் குருணை எண்ணி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மாஸ்டர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பினார்.

"கையில என்ன மாஸ்டர்?" என்று தெருவில் கேட்டார்கள்.

"சாப்பாடு."

"எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு."

கேட்டவர்கள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

பாசி ஒரு வாரம் அசையவில்லை. பிறகு பறித்த இடத்தில் முளைப்பதை நிறுத்தியது. பச்சை வெளுத்து, கையோடு வந்தது. நத்தைகள் இளைத்து, மறுபடி கண்ணாடியில் ஏறின. சுத்தியல்கள் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தன. ஆறு தலையில் பார்த்தன. பின்பக்கத்து ஏழாவதில் வெறும் வெள்ளை எலும்புதான் இருந்தது.

"பாறையைக் கொஞ்சம் திருப்பி வெச்சா அது தெரியாது மாமா," என்றார் மைத்துனர். அவர் எந்தக் கட்சி என்று அவருக்கே மறந்துபோயிருந்தது.

மாஸ்டர் திருப்பி வைத்தார். பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். வெள்ளை எலும்பு முன்னால் தெரிகிற மாதிரி மறுபடி திருப்பினார்.

நாற்பதாம் நாள் அம்மாள் வந்தார். செருப்பைக் கழற்றியதும் தொட்டிக்குத்தான் போனார். மைத்துனர் வாசல் பக்கம் கயிறும் கையுமாக நின்றார். சொன்ன சொல் சொன்னதுதான் என்று வந்துவிட்டார், முகம் மட்டும் வேறெங்கோ பார்த்தது.

"ஆறுதான் இருக்கு," என்றார் அம்மாள்.

"ஒண்ணு போயிடுச்சு. நான் போட்டதுலதான் போச்சு."

அம்மாள் கண்ணாடியில் மூக்கு பட நின்று பார்த்தார். வெள்ளை எலும்பைப் பார்த்தார். மீன்களைப் பார்த்தார்.

"இன்னிக்குத் தீனி போட்டாச்சா?"

"இனிமேத்தான்."

"போடுங்க."

மாஸ்டர் காகிதத்தைப் பிரித்து ஒவ்வொன்றாகப் போட்டார். எட்டும் தண்ணீரில் அடியைத் தொடுமுன் காணாமல் போயின. மீன்கள் மேலே பார்த்தன.

"இளைச்ச மாதிரி இருக்கு," என்றார் அம்மாள். "இன்னும் நாலு போடுங்களேன்."

"முடியாதும்மா."

"நான்தானே சொல்றேன்."

"யார் சொன்னாலும்."

அம்மாள் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கயிறோடதானே வந்திருக்கே. என் பெட்டியைக் கட்டிப் பரண்ல ஏத்திட்டுப் போயிடு."