பச்சைச் சேலைக்காரி

"அந்தம்மா முந்தானையால தொடச்சதச் சொல்றப்ப மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கக்கா" என்றாள் கெஸியா. தெய்வம்மா தலையாட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். தலைமன்னாரில் கப்பல் ஏறியது, ராமேஸ்வரத்தில் இறங்கியது, மண்டபம் முகாமில் வரிசையில் நின்றது. பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி கஞ்சியைச் சுடச்சுட ஊற்ற, அது சட்டையில் கொட்டியது. அவள் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டு, "அழாத, இனி இதுதான் ஒன் ஊரு" என்றாள். ஊட்டி விசாரணை அலுவலகத்தின் வராந்தா பெஞ்சில் குளிர் எலும்புவரை ஏறிக்கொண்டிருந்தது. தெய்வம்மா ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. கெஸியாவுக்குத் திருப்தியாக இருந்தது.

குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது கெஸியாவின் வக்கீல் அலுவலகம். வக்கீல்கள் இரண்டே பேர். பெரியவர் நெல்சன், சர்ச் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். வாலிபத்தில் கனடாவுக்குப் போகப் பார்த்து இரண்டு முறை விசா மறுக்கப்பட்டவர். தனக்குத் திறக்காத கதவை ஊராருக்குத் திறந்துவிடுவதே பிழைப்பாயிற்று. லண்டனுக்குப் போகும் நர்சுகளும் கனடாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளும் அவருடைய கட்சிக்காரர்கள். மலையை விட்டுப் போகத் துடிப்பவர்கள் அவருக்கு; இங்கேயே இருக்க விடுங்கள் என்று கெஞ்சுகிறவர்கள் கெஸியாவுக்கு. வருமானம் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நெல்சன் முகம் சுளித்ததில்லை. "உங்க ஆளுகளுக்கு உங்களவிட யாரும்மா வாதாடுவா" என்பார். கெஸியாவின் அம்மா யூனிஸ் சிலோனிலிருந்து சிறுமியாகக் கப்பலேறி வந்து, கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்து மகளைச் சட்டம் படிக்க வைத்தவள்.

தெய்வம்மாவும் அப்படித்தான் வந்தாள், இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பத்தோடு. குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மழைக்கு மண்சரிந்து லைன் வீடு போனபோது கையிலிருந்த அத்தாட்சிகளும் போயின. அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மகன் நவநீதன் மஸ்கட்டிலிருந்து, பேத்தியைப் பார்க்க வாம்மா என்றான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பிறந்த ஊர் சிலோன் அட்டன் என்றதும், ஒப்பந்தத்தில் வந்தவளா, சண்டைக் காலத்தில் திருட்டுப் படகேறி வந்தவளா என்று கேள்வி வந்துவிட்டது. படகில் வந்தவள் என்று முடிவானால் அகதி முகாமுக்குப் போக வேண்டும். அறுபதை நெருங்கும் வயதில், ஓட்டும் ரேஷனும் ஊரும் இல்லாத ஆளாக.

இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் வந்த காலத்தில் குழந்தைகள். எதைக் கேட்டாலும் "நெனவில்லைங்க" என்பார்கள். நினைவில்லாதவரை எந்த அதிகாரி நம்புவார்? கெஸியா சின்ன வயதிலிருந்து அம்மா வாயால் கேட்டுக் கேட்டு அந்தக் கப்பலில் தானே வந்தது போலாகிவிட்டவள். முதலில் ஒரு கிழவிக்கு அம்மா கதையிலிருந்து கஞ்சி ஊற்றிய பச்சைச் சேலைக்காரியை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். அடுத்தவருக்குச் சட்டையில் கொட்டியதையும் சேர்த்துக் கொடுத்தாள். எல்லாரும் அதே கப்பல், அதே முகாம், அதே பசி. அந்தக் கஞ்சியைக் குடிக்காதவர் யார்? பொய் என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றவில்லை. அம்மா வீட்டுச் சாமானைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது போலத்தான் கொடுத்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி சளி பிடித்த மனிதர். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. தெய்வம்மா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். முந்தானை வந்த இடத்தில், கெஸியா சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தினாள். அவர் நிமிர்ந்தார்.

"என்ன கலர் சேலைங்க?"

"பச்சைங்க ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "போன வருசம் ஒச்சப்பன்னு ஒருத்தர் வந்தாரு. அவருக்கும் இதே பச்சைச் சேலதான் தொடச்சுவிட்டுச்சு. அதுக்கு முன்னால ஒரு பாட்டி. ரெண்டு பேரும் உங்க கட்சிக்காரங்கதானே, வக்கீலம்மா?"

"ஆமாங்க சார்" என்றாள் கெஸியா.

"இவங்க மூணு பேரும் வந்ததாச் சொன்ன வருசம் வேற வேற. கஞ்சி ஊத்துன அம்மா மட்டும் ஒரே ஆளா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் நம்பித்தான் அந்த ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுத்தேன். இப்ப அதையும் திருப்பிப் பாக்கணும். இந்தம்மா தோட்டத்த விட்டு எங்கயும் போகக் கூடாது. உத்தரவு வந்ததும் வண்டி வரும்."

கெஸியா ஏதோ சட்டப் பிரிவைச் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே அது எடுபடாது என்று தெரிந்தது. தெய்வம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சரியாகச் சொன்ன பிள்ளையை ஏன் அடிக்கிறார்கள் என்பது போல இருந்தது அவள் பார்வை.

குன்னூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் லவ்டேலைத் தாண்டியது. படித்த படிப்பெல்லாம் சேர்ந்து மூன்று உண்மையான மனிதர்களைப் பொய்யர்களாக்கிவிட்டதே என்று கெஸியாவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

"நெசமாவே ஒன்னும் நெனவில்லையாக்கா?" என்று கேட்டாள். முதல் நாளே கேட்ட கேள்விதான். அன்றைக்குப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

தெய்வம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "தங்கச்சி ஒருத்தி இருந்தா. ராக்கம்மான்னு பேரு. கப்பல்லயே காச்சல்ல போயிட்டா. தெரிஞ்சா மொத்தக் குடும்பத்தையும் திருப்பி அனுப்பிருவாங்கன்னு அப்பாவுக்குப் பயம். தூங்குறான்னு சொல்லுன்னு என் தோள்ல போட்டுட்டாரு. எறங்குற எடத்துல ஒரு தொரை கன்னத்தத் தொட்டுப் பாத்தாரு. புள்ள சில்லுனு இருக்கு, நல்லாப் போத்திக் கூட்டிட்டுப் போன்னாரு. முகாமுக்குப் பின்னால மணல்லதான் பொதைச்சம். எந்தக் காலத்திலயும் யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு அப்பா."

கெஸியாவால் அவளைப் பார்க்க முடியவில்லை. "இத எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க சொன்னது நல்லாருந்துச்சு வக்கீலம்மா. யாரோ ஒருத்தி தொடச்சுவிட்டான்னு சொல்றப்ப, எனக்கும் அப்படியே நடந்திருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. அதான் மனசுல ஒட்டிக்கிருச்சு."

கெஸியா நெல்சனுக்குப் போன் போட்டாள். வளைவுக்கு வளைவு சிக்னல் போய்ப் போய் வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அப்பீல் போடலாம்மா, போடாம விட வேண்டாம். ஆனா இப்பப் போயி இதச் சொன்னா ரெண்டாவது கதைன்னுதான் எழுதுவாங்க. மொதக் கதை நாம சொல்லிக்குடுத்ததுன்னு ஆயிருச்சே" என்றார். 'நாம' என்று அவர் சேர்த்துக்கொண்டது கெஸியாவுக்கு இன்னும் வலித்தது.

கேத்தியில் பஸ் நின்றது. காய்கறிக் கூடைகளோடு நாலைந்து பேர் படுக மொழியில் சத்தமாகப் பேசிக்கொண்டு ஏறினார்கள். பஸ் மறுபடி கிளம்பிய பிறகு தெய்வம்மா மெதுவாகக் கேட்டாள்.

"என்னையக் கொண்டுபோற முகாமு மண்டபத்துப் பக்கமுங்களா?"

எந்த முகாம் என்று கெஸியாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "இருக்கலாம்க்கா" என்று வந்தது.

"அதுக்கப்புறம் நான் அங்கிட்டுப் போனதே இல்ல. போனா எடத்தக் கண்டுபுடிச்சிருவேன்." தெய்வம்மாவின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது. "ரொம்பச் சின்னக் குழி வக்கீலம்மா. இம்புட்டுத்தான் இருப்பா."

காட்டுவதற்காக இரண்டு கைகளையும் மடிக்கு மேலே விரித்தாள். பஸ் அடுத்த வளைவில் சாய்ந்தது. முன்கம்பியை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் எதையும் பிடிக்காமல், அந்த அளவு மாறிவிடாமல் கைகளை அப்படியே வைத்திருந்தாள்.