இடது கை

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, மகப்பேறு மருத்துவமனைப் பெரிய டாக்டரின் வாய் பூட்டிக்கொண்டது. பேசுவதற்குத் திறந்தது. திட்டுவதற்கு இன்னும் தாராளமாகத் திறந்தது. கரண்டியோ, பிரஷ்ஷோ, அவருடைய சொந்த விரலோ உதட்டருகே வந்தால் மட்டும் தாடை இறுகிப் பல்லோடு பல் சேர்ந்துகொண்டது. அன்று மதியம் மருத்துவமனை கேன்டீனில் அவர் தட்டு தொடாமல் ஆறிப்போனது. மாலைக்குள் ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மீதிப் பேர் மறுநாள் தெரிந்துகொண்டு, எலுமிச்சை விலையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

அதே பத்து இருபதுக்கு நான்காம் அறைக் கட்டிலில் ஒரு பெண் இடது கையைத் தூக்கியிருந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பல் கிளினிக்கில் உதவியாளராக இருப்பவள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை நாற்காலியில் சாய்த்ததும் அவள் சொல்ல வேண்டும்: "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. நிறுத்திடுவோம்." பதினொரு வருடம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். யாராவது கை தூக்கியும் நிறுத்தாமல் போன நாள் ஒன்றுகூட இல்லை. கல்யாணமாகி இரண்டு வருடமாக அவள் உடம்பு கணவனை உள்ளே விடவில்லை. அவளுக்கு ஆசை இருந்தது. அவன் நெருங்கியதும் தொடைகள் தாமாகச் சேர்ந்துகொண்டன, தொட்ட இடம் தீக்குச்சி உரசியது போல எரிந்தது. பிறகு அவன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே வயிறு இறுகத் தொடங்கியது. மாமியார் அவளை இங்கே கூட்டிவந்தார். பெரிய டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கருவியோடுதான் திரும்பினார். அது பட்டதும் அவள் கை பழக்கத்தில் மேலே போனது.

"கையைப் பிடிச்சுக்கோம்மா," என்றார் நர்ஸிடம். நர்ஸ் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. லூசா விடு. நீயேதான் இறுக்குற."

கடைசி வார்த்தையில்தான் அவர் தாடை பூட்டியது. அவர் பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றப் போய் முடியாமல், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், உட்கார்ந்து சான்றிதழ் எழுதினார்: உடலில் குறை ஒன்றும் இல்லை. ஒத்துழைக்க மறுக்கிறார்.

மாமியார் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வீடு வீடாகக் காட்டினார். "பல்லு புடுங்குற இடத்துல வேலை, வலி வேஷம் போடத் தெரியாதா என்ன?" என்றார். கணவன் அதை இரண்டு தடவை படித்தான். மூன்றாம் மாதம் அவன் போட்ட விவாகரத்து மனுவின் முதல் இணைப்பாக அது இருந்தது.

அவள் பல் டாக்டரம்மாவிடம் ஒரே வரிதான் சொன்னாள். "கையைத் தூக்கினேன் மேடம். நிறுத்தல." டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் தோழியான வேறொரு மகப்பேறு மருத்துவருக்குப் போன் செய்தார். அந்த மருத்துவர் ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டார், அதில் நாற்பது நிமிடம் கேள்விகள். வலி முதலில் வந்ததா, பயமா? எரிவது யோனி வாசலிலா, உள்ளேயா? மாதவிலக்கு நாட்களில் உள்ளே செருகும் டாம்பான் வைக்க முடிந்ததா? அவள் கையிலேயே ஒரு கண்ணாடியைக் கொடுத்து, அனுமதி கேட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, எங்கே எரிகிறது என்று குறித்துக்கொண்டார். தசை இறுகியதும் குச்சியை எடுத்துவிட்டார்.

"கண்ணுல தூசி வந்தா இமை உங்களைக் கேட்டுட்டா மூடுது? இதுவும் அப்படித்தான். வலியால பயம், பயத்தால இறுக்கம், இறுக்கத்தால மறுபடி வலி. இதுக்குப் பேர் இருக்கு, வைத்தியம் இருக்கு. மெதுவாப் போகணும், அவ்வளவுதான்."

பேர் இருக்கிறது என்றதும் அவள் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அது பிறகு போகவே இல்லை.

அந்த மருத்துவர் எழுதிக்கொடுத்த புதிய சான்றிதழை அவள் வக்கீல் ஓரமாக வைத்தார். பெரிய டாக்டர் எழுதியதை அவரே மாற்றி எழுதினால்தான் எடுபடும் என்றார். அவள் போனாள். பெரிய டாக்டர் ஸ்ட்ராவில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். மெல்லிய ஸ்ட்ராவை மட்டும் பல்லிடுக்கு அனுமதித்தது. "நான் எழுதினது எழுதினதுதான். போம்மா," என்றார்.

நர்ஸின் கதை வேறு. பிடித்த கை அன்றிலிருந்து முஷ்டியாக மூடிக் கிடந்தது. ஐந்தாம் நாள் பல் கிளினிக்குக்கு வந்து அவளிடம், "நான் பிடிச்சிருக்கக் கூடாது," என்றாள். சொன்ன இடத்திலேயே விரல்கள் விரிந்தன. இதை அவள் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்தார். சிரிப்புக்கு வாய் திறந்தது.

அவருக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். மயக்க மருந்து கொடுத்ததும் வாய் சாதாரணமாகத் திறந்தது, தெளிந்ததும் மூடிக்கொண்டது. "பாத்தீங்களா, ஒண்ணுமில்ல சார். லூசா விடுங்க. மனசுதான்," என்றார்கள் சக டாக்டர்கள். "என் சமையல் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க, இப்படி அழுத்தமா இருக்காதீங்க," என்றார் மனைவி. ஒரு வருடத்தில் பதினாலு கிலோ இறங்கினார். கேன்டீன்காரர் அவருக்கென்று ஸ்ட்ரா கட்டு வாங்கி வைத்தார். ஊர் அதற்குப் பழகிவிட்டது. அவள் மட்டும் பழகவில்லை. மதிய இடைவேளையில் மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் கடையில் வயிறார வாங்கித் தின்றுகொண்டே, அவர் பெல்ட்டில் புதிதாக எத்தனை ஓட்டை விழுந்திருக்கிறது என்று பார்த்தாள். மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீட்டில் தவறாமல் செய்தாள். அவள் உடம்பு விரற்கடை விரற்கடையாகத் திறந்துகொண்டு வந்தது. அவள் திறக்கத் திறக்க அவருடைய ஸ்ட்ரா மெலிந்தது.

தீர்ப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது பூட்டிய வாய்க்குள் பெரிய டாக்டருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. மூன்று நாள் தாங்கினார். நான்காம் நாள் மாலை நாலு மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் கிளினிக் நாற்காலியில் சாய்ந்தார். முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முகக்கவசம் இல்லாவிட்டாலும் தெரிந்திருக்காது, கட்டிலில் கிடந்த அன்றும், மாற்றி எழுதக் கேட்டுப் போன அன்றும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் விளக்கைத் திருப்பினாள். துண்டைக் கட்டினாள். சொல்ல வேண்டிய வரியைச் சொல்லவில்லை. பதினொரு வருடத்தில், அதற்குப் பிந்திய ஒரு வருடத்தில், முதல் தடவை. டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவரும் சொல்லவில்லை.

சின்னக் கண்ணாடி உதட்டை நெருங்கியது. தாடை இறுகியது. கழுத்து நரம்பு புடைத்து நெற்றியில் வேர்த்தது. கால் விரல்கள் ஷூவுக்குள் மடங்குவது வெளியே தெரிந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே பெரிய டாக்டரின் இடது கை மெல்ல மேலே எழுந்து நின்றது.

டாக்டரம்மா கண்ணாடியை உடனே எடுத்துவிட்டார். கிளினிக்கின் வழக்கம் அது.

அவள் கருவித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். தட்டில் பழைய சான்றிதழின் நகல், ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா. முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள்.

"பேச வாய் திறக்குமே சார். அன்னிக்கு நான் கை தூக்கினது எதுக்குன்னு நினைச்சீங்க?"