குறையாத கேஸ்

கேஸ் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. தீரவே மாட்டேன் என்கிறது என்று புகார் சொன்ன முதல் ஆள் என் தங்கைதான்.

"அண்ணா, நீ எங்க கார்ல மாட்டின கேஸ் குறையவே இல்ல" என்றாள் போனில்.

"குறையலன்னா சந்தோஷப்படு. அதுக்கு ஏன் எனக்குப் போன் போடுற?"

"அஞ்சு வாரமாச்சு. கேஸ் எவ்வளவுன்னு காட்டுற நாலு புள்ளியும் அப்படியே எரியுது."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாப்பிள்ளை வைத்திருப்பது எஸ்டேட் கார். பின்பக்கம் நீண்டு, சாமான் வைக்கிற இடமும் ஆள் உட்காருகிற இடமும் ஒரே அறையாக இருக்கும் ரகம். அதில் தினமும் முப்பது கிலோமீட்டர் ஆபீசுக்குப் போய், முப்பது கிலோமீட்டர் திரும்பி வருகிறார். பெட்ரோலுக்கே அழுகிறாரே என்று நான்தான் வலியப் போய் வண்டியை என் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். ஸ்டெப்னி இருந்த குழியில் வட்டமான டேங்கை இறக்கி, குழாய் இழுத்து, இன்ஜின் பக்கம் எல்லாவற்றையும் என் கையாலேயே மாட்டி, டேங்க் நிறைய ரொப்பியும் கொடுத்தேன். அந்த ஓட்டத்துக்கு அது ஒரு வாரம் வந்தாலே அதிகம்.

"புள்ளி காட்டுற ஒயர் போயிருக்கும். வண்டியை அனுப்பு."

"சொன்னேனே. மச்சானைத் தொந்தரவு பண்ணாதேங்கிறார்."

இருபத்தொரு வருஷத்தில் நான் மாட்டிய வண்டி ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கருவிப் பெட்டியும் லேப்டாப்புமாக அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும், "வாங்க மச்சான், பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போனார். அடுக்களையில் ரெண்டு பாக்கெட் பால் இருந்தது.

வண்டியைக் கிளப்பினேன். கேஸ் வண்டி எப்போதும் பெட்ரோலில்தான் கிளம்பும். இன்ஜின் கொஞ்சம் சூடானதும் தானாகக் கேஸுக்கு மாறும். மாறும்போது பின்னால் டேங்கில் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும், முன்னால் ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சில் விளக்கு பச்சையாகும். ரெண்டு கிலோமீட்டர் போனதும், டயர் கடைக்கு எதிரே, டக். பச்சை. நான் எப்படி வைத்தேனோ அப்படியே மாறியது. திரும்பி வந்து டேங்க் மூடியைக் கழற்றினேன். மிதவை சரி. ஒயர் சரி. சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு குறை அகப்படவில்லை. டேங்க் நிஜமாகவே நிறைந்துதான் இருந்தது.

கடைசியில் லேப்டாப்பைச் சொருகினேன். எந்த எரிபொருளில் எவ்வளவு நேரம் ஓடியது என்று வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கும். பெட்ரோலில் நாலு மணி பத்து நிமிஷம். கேஸில் இருபத்திரண்டு நிமிஷம். அதில் இருபது நிமிஷம் நான் சோதித்து ஓட்டியது.

அஞ்சு வாரத்தில் நாலு மணி நேரமா? தினமும் அறுபது கிலோமீட்டர் போகிற வண்டிக்கு மூன்று நாளிலேயே அவ்வளவு நேரம் ஆகிவிடும். அப்படியானால் வண்டி எங்கே போகிறது?

தங்கை பக்கத்தில் நின்று திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "முன்னைக்கு இப்ப ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பறார். வரும்போது களைச்சுப்போய் வர்றார். லீவு நாள்ல எங்க கூப்பிட்டாலும் நடந்து போலாம், உடம்புக்கு நல்லதுங்கிறார்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு வேலை இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியலண்ணா. இல்ல வேற எங்கயாவது போறாரா? உன் வேலை தப்பா, என் புருஷன் தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

வாழ்க்கையில் முதல்முறையாக, என் வேலையில் ஒரு தப்பு இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கினேன்.

மறுநாள் காலையில் அவர்கள் தெருமுனையில் ஸ்கூட்டரோடு காத்திருந்தேன். மாப்பிள்ளை கிளம்பினார். பின்தொடர்ந்தேன். எவள் வீட்டுக்குப் போகிறாரோ, எந்தப் பூங்காவில் போய் உட்காருகிறாரோ என்று மனசு என்னென்னவோ கதை கட்டியது. அதெல்லாம் ரெண்டு கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. டயர் கடைக்கு எதிரே கார் ஓரங்கட்டியது. மாப்பிள்ளை விழுந்தடித்து இறங்கி, கதவைப் பூட்டி, பையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் வரிசையில் நின்றார்.

"மாப்பிள்ளை."

திரும்பியவர் முகம் வெளுத்துவிட்டது. "மச்சான்... ஆபீசுக்குத்தான் போறேன். மூணு பஸ் மாறி."

"பஸ்லயா? கார் எதுக்கு இருக்கு?"

நிறுத்தியிருந்த காரைக் காட்டினார். "இங்க வந்ததும் பச்சை விளக்கு எரியுது. பின்னால டக்குன்னு சத்தம் கேக்குது. அதுக்கு மேல என்னால ஓட்ட முடியல. நடுவுல ஒரு சுவர்கூட இல்லையே, டேங்க் முதுகுக்குப் பின்னாலயே இருக்கு."

"பயமா? அதுக்குத்தான் சுவிட்ச் இருக்கே. அமுக்கினா பெட்ரோல்லயே ஓடுமே."

"சுவிட்சுல கை வெச்சா கையை ஒடிப்பேன்னு சொன்னீங்களே."

சொல்லியிருந்தேன். தானாக மாறுகிற வண்டியில் சுவிட்சை நோண்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

"அப்ப என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டேன் மச்சான். வெயில்ல நின்னா டேங்க் வீங்காதான்னு மாட்டின அன்னைக்கே கேட்டேன். வீங்கும், உங்க தலை மாதிரின்னு சொன்னீங்க. பட்டறையில எல்லாரும் சிரிச்சாங்க."

அதுவும் ஞாபகம் வந்தது. நானும் சிரித்திருந்தேன்.

"அதுக்காக அஞ்சு வாரமா மூணு பஸ் மாறிப் போவாரா ஒரு மனுஷன்?" என் குரல் என்னை அறியாமல் உயர்ந்துவிட்டது. மாப்பிள்ளை ஓரடி பின்னால் போனார். டேங்குக்குப் பயந்தவர் காரை விட்டுத்தான் இறங்கினார். எனக்குப் பயந்து நடைபாதையை விட்டே இறங்கி ரோட்டில் நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயசில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

"வாங்க, வண்டியில ஏறுங்க. நானும் வர்றேன். வேணாம்னா இன்னைக்கே கழட்டிடறேன்."

பின் சீட்டை மடித்துவிட்டு, டேங்குக்கு மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் அவர் தோள் இறுகுவது பின்னாலிருந்தே தெரிந்தது.

"இப்ப கேளுங்க."

கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். "வெயில்ல நின்னா?"

"டேங்க்ல நூறு பங்கு இடம் இருந்தா எண்பதோட நிரப்பறது தானா நின்னுடும். மீதி இடம் சூட்டுக்காக விட்டது. அதையும் தாண்டினா ஒரு வால்வு திறந்து, கேஸைக் குழாய் வழியா வண்டிக்கு அடியில வெளியே விட்டுடும். உள்ளே வராது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

இதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. கழற்றச் சொல்லவில்லை. அடுத்த கேள்வி கேட்டார், அதற்கடுத்தும் கேட்டார். ரெண்டு கேள்விகள் சுத்த அசட்டுக் கேள்விகள். நாக்கைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். பாதி வழியில் என் போன் அடித்தது. தங்கை.

"என்னண்ணா, கண்டுபிடிச்சியா? யார் தப்பு?"

"என் தப்புதாம்மா. அவர் ஆபீசுக்குத்தான் போயிட்டிருக்கார். நானும் கூடத்தான் இருக்கேன்."

"உன் தப்பா? எதுல, டேங்க்லயா, ஒயர்லயா?"

"அதெல்லாம் சரியா இருக்கு."

"அப்புறம் எதுலதான் தப்பு? ஒண்ணும் புரியலையே."

"சாயங்காலம் வந்து நிதானமா சொல்றேன்."

பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"ஏண்ணா இப்படிப் பேசுற? உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"