கொத்தனார் கட்டிய பாத்தி

கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்த கதையைத் தெருவில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தார் என்பார்கள் சிலர். குளவி துரத்தியதாம், அதனால் குதித்தாராம் என்பார்கள் வேறு சிலர். உண்மையில் அவர் விழுந்தது ஓர் ஆள் உயரத்திலிருந்துதான். விழுந்த நேரம் சரியில்லை. இடது முட்டி நொறுங்கிப்போனது. கட்டுப் பிரித்த அன்று டாக்டர், மெதுவாக நடக்கலாம், ஏறக் கூடாது, குத்தவைத்து உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஏறவும் கூடாது, குத்தவைக்கவும் கூடாது என்றால் கொத்தனாருக்கு அப்புறம் என்னதான் மிச்சம்?

அவர் மனைவி ஒரு கல்லூரி விடுதியில் தலைமைச் சமையல்காரி. அங்கே படிக்கிற பிள்ளைகள் அவளைப் பெரியக்கா என்று கூப்பிடப் போய், அதுவே தெருவிலும் பெயராகிவிட்டது. இருட்டோடு கிளம்பிப் போவாள், பொழுது சாயும்போது வருவாள், வந்த கையோடு வீட்டுக்கும் ஆக்குவாள். அவர் விழுந்த பிறகு அவள் ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். அவளோ எதுவும் சொல்லாமல், அவரிடம் எதுவும் கேட்காமல், தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போனாள். முன்பெல்லாம் கடைக்குப் போய்வரச் சொல்வாள், மேல் தட்டிலிருக்கும் டப்பாவை எடுத்துத் தரச் சொல்வாள். இப்போது ஸ்டூல் போட்டுத் தானே ஏறி எடுத்துக்கொள்கிறாள். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். இவரால் குந்தவும் முடியாது, தின்ன மட்டும்தான் முடிந்தது. 

என் கையால் ஏதாவது ஒன்றை அவள் கையில் கொடுத்தாக வேண்டும் என்று அவர் ஒரு நாள் முடிவுகட்டினார். வீட்டின் பின்னால் கழிவறைக்கும் மதிலுக்கும் நடுவே வெயில் படுகிற ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. காய்கறி போட்டால் என்ன? அன்று ராத்திரியே, இனிமேல் இந்த வீட்டுக்குக் காய் வாங்க வேண்டிய வேலையே இல்லை என்று பெரியக்காவிடம் அறிவித்தும் விட்டார். சரிங்க என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு, மண்ணை வெட்டி எடுத்தார். கட்டியும் முட்டியுமாக, சருகும் வேரும் கலந்து கிடந்த மண்ணைப் பார்த்ததும் அவருக்கு அருவருப்பாகப் போய்விட்டது. இப்படி ஒரு மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தால் லாரிக்காரனைத் திருப்பி அனுப்பியிருப்பார். பூச்சு வேலைக்கு மணல் சலிக்கிற சல்லடையைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, மண் முழுவதையும் சலித்தார். சருகு, வேர், மக்கின குச்சி, நெளிந்த இரண்டு மண்புழு எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் போயின. மாவு போல நின்றது மிச்சம். செங்கல்லால் வரம்பு கட்டினார். மட்டம் சரியா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தண்ணீர் தெளித்து, கட்டையால் தட்டி இறுக்கி, பூச்சுக் கரண்டியால் இழுத்து இழுத்து மேல்பரப்பை மழமழவென்று ஆக்கினார். பார்க்க அவ்வளவு அழகு.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு பஸ் டிரைவரின் தலை தெரிந்தது. ஓய்வு நாளில் அவருக்கு அடுத்த வீட்டு வேலைதான் பொழுதுபோக்கு.

"கொத்தனாரே, இதுல விதை போடப் போறீங்களா, டைல்ஸ் ஒட்டப் போறீங்களா?"

கொத்தனார் அவரை மதிக்கவில்லை. நூல் பிடித்து, கம்பியால் வரிசையாகத் துளை போட்டு, கீரை, முள்ளங்கி, அவரை விதைகளைப் போட்டார். புதுத் தளத்துக்கு ஊற்றுவது போலக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டார். மண் காய்ந்து, இறுகி, ஓடு மாதிரி ஆகி, நாலு இடத்தில் வெடித்தது. அவரை விதை ஒன்று மட்டும் அந்த ஓட்டைத் தலையால் முட்டித் தூக்கிப் பார்த்து, கழுத்து முறிந்து செத்தது. மற்றதெல்லாம் உள்ளேயே அடக்கம்.

சரி, தட்டினது தப்பு என்று அவருக்கே விளங்கியது. கொத்திக் கிளறி மறுபடி விதைத்தார். இந்தத் தடவை முளைத்தது. முளைத்து, விரல் உயரம் வந்து, அப்படியே மஞ்சளாக நின்றுவிட்டது. டிரைவர் தினம் ஒரு வைத்தியம் சொன்னார். ஒரு நாள் தண்ணீர் போதவில்லை என்றார், மறுநாள் தண்ணீர் கூடிப்போச்சு என்றார், அதற்கு மறுநாள் மோர் தெளிக்கச் சொன்னார். கேட்காமல் கிடைக்கிற சரக்கு யோசனை ஒன்றுதானே. கொத்தனாருக்கோ வாழ்நாள் முழுக்கத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று, சுண்ணாம்பு. இரண்டு கை அள்ளித் தூவினார். மஞ்சளாக இருந்தது வெள்ளையாகிக் கருகிப்போனது. பெரியக்கா அதைப் பார்த்துவிட்டு, போனால் போகுதுங்க என்றாள். அந்தப் பரிதாபம்தான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

அடுத்து ஒரு மழை பெய்தது. மழை விட்டும் பாத்தியில் தண்ணீர் அப்படியே நின்றது. சாயங்காலமும் நின்றது, மறுநாளும் நின்றது. மொட்டை மாடியில் தளம் போட்டதும் வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பார்கள். ஒழுகாவிட்டால் நல்ல தளம். கொத்தனாரின் மனம் ஒரு நிமிடம் பழக்க தோஷத்தில், ஒரு சொட்டு இறங்கலையே, பிரமாதம் என்று பூரித்தது. பூரித்த பிறகுதான் சுருக்கென்றது. கடப்பாரையை எடுத்து ஒரு குத்து குத்தினார். ஒரு சாண் ஆழத்தில் டங் என்றது.

தோண்டிப் பார்த்தால் சிமெண்டுப் பாளம். இந்த வீட்டைக் கட்டும்போது கலவை போட்ட இடம் அதுதான். கட்டி முடித்த பிறகும் தினம் வேலை முடிந்து வந்து பூச்சுக் கரண்டியையும் கலவை அள்ளும் பாண்டையும் அங்கேதான் கழுவுவார். கழுவிய சாந்துத் தண்ணீரெல்லாம் இத்தனை வருஷமாக மண்ணுக்குள் இறங்கிப் படிந்து படிந்து, யாரும் போடாத ஒரு தளம் தானாகவே விழுந்திருந்தது. அதன் மேல் ஒரு சாண் மண்ணை வைத்துக்கொண்டு, விதையைக் குறை சொல்லியிருக்கிறார், வெயிலைக் குறை சொல்லியிருக்கிறார். தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

உளியும் சுத்தியலுமாக அதை உடைத்தார். உட்கார்ந்து முடியாதபோது சாக்கு விரித்து ஒருக்களித்துப் படுத்து உடைத்தார். தான் போட்ட எந்தத் தளமும் இத்தனை உறுதியாக இருந்ததில்லை என்று அவருக்குள் ஒரு கர்வம் வேறு. அந்தக் கர்வத்தை என்னவென்று சொல்ல? கடைசிச் சில்லும் வெளியே வந்தபோது மதிலோரம் இடிந்த வீடு மாதிரிக் குவிந்து கிடந்தது. பாத்தி இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது.

பள்ளத்தை நிரப்ப வேண்டுமே. தெரு கூட்டுகிற அம்மா குவித்துக் கொளுத்துகிற சருகை, கொளுத்தாமல் இங்கே கொட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். புகையில் கண் எரிகிற வேலை மிச்சம் என்று அவளும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தாள். அப்புறம் பெரியக்காவிடம், விடுதியில் வெட்டிப் போடுகிற காய்த் தோலெல்லாம் வீணாகத்தானே போகிறது என்று ஆரம்பித்தார். அவள் முழுவதும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து மூடி போட்ட ஒரு வாளி நிறையத் தோல் வந்தது. பஸ்ஸில் அந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவதைப் பார்க்காதது போல அவள் உட்கார்ந்து வந்ததை டிரைவர்தான் ஒரு நாள் சொன்னார். அது அந்த நேரத்தில் கொத்தனார் மண்டையில் ஏறவில்லை. அவர் கண் பள்ளத்தின் மேலேயே இருந்தது.

தோலை மட்டும் கொட்டிக் கொட்டி மூடினார். அது கூழாகி நாறியது. ஈ மொய்த்தது. டிரைவர் வீட்டம்மா ஜன்னலைச் சாத்திய சத்தம் தெருவுக்கே கேட்டது. கொத்தனார் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். கலவையில் தண்ணீர் தூக்கல், அவ்வளவுதான் விஷயம். தண்ணீர் தூக்கினால் உலர்ந்ததைப் போட வேண்டும். ஒரு வரிசை சருகு, ஒரு வரிசை தோல், மேலே கொஞ்சம் மண் என்று செங்கல் அடுக்குவது போல அடுக்கினார். வாரம் ஒரு முறை புரட்டினார். நாற்றம் போனது. பிறகு ஒரு காலையில் கையை விட்டால், உள்ளே கதகதவென்று சூடு. இன்னும் சில வாரம் கழித்துக் கையை விட்டால் ஒரு மண்புழு. மதிலுக்கு அந்தப் பக்கம் வீசியதன் பேரப்பிள்ளையோ என்னவோ. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை, டிரைவர் அன்று வேலைக்குப் போயிருந்தார்.

பள்ளத்தில் நிரப்பிய அந்த மண்ணில் கீரை வந்தது. அடர்த்தியாக, பச்சைப் பசேலென்று வந்தது. அறுக்கிற நாளை அவர் மனதுக்குள் குறித்து வைத்து, அன்று மாலை ஒரு பெரிய கட்டாக அறுத்து, ஒட்டிய மண்ணைக் கழுவி, நூலால் கட்டி, வாசலிலேயே நின்றார். முகம் கழுவிச் சட்டை மாற்றியிருந்தார். பெரியக்கா வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கீரைக்கட்டை அவள் கையில் வைத்தார்.

அன்று விடுதியில் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. சாக்கு சாக்காக வந்த கீரையை அவள்தான் ஆய்ந்திருந்தாள். கையில் இருந்த கட்டை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"இத இப்ப யாருங்க ஆயறது?"

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். உடனே, அடேயப்பா, என்ன தளதளன்னு இருக்கு என்றெல்லாம் சொன்னாள், முற்றத்தில் உட்கார்ந்து ஆயவும் தொடங்கினாள். அவர் வாங்கிக்கொண்டு, தானே ஆய்ந்தார். சாப்பிடும்போது அவள் நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை அவருக்கு வலித்தது. நாள் முழுக்கக் காய்க்கு நடுவே நின்றுவிட்டு வருகிறவளுக்குக் காயையே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேனே, அதற்கும் அவளையே வாளி சுமக்க வைத்திருக்கிறேனே என்று அன்று ராத்திரி தன்னைத்தானே திட்டிக்கொண்டார். இத்தனை நாள் பக்கத்தில் படுத்திருப்பவளைப் பற்றி இது கூடத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஊரார் வீட்டுச் சுவர் ஒரு நூல் சாய்ந்தால் தெருமுனையிலிருந்தே கண்டுபிடிக்கிற மனிதர்.

இனிமேல் வாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் ஏன் என்று கேட்கவில்லை, ஆனால் வாளியை நிறுத்தவும் இல்லை. கொத்தனார் சில நாள் பின்பக்கமே போகவில்லை. அப்புறம் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மக்கிய உரம் மிச்சம் கிடந்தது. கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்தியைத் தோண்டி, உரத்தைக் கலந்து, தட்டாமல், மட்டம் பார்க்காமல், அப்படியே உதிரியாக விட்டு வைத்தார். எதை விதைப்பது, யாருக்காக விதைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று பெரியக்கா கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வாளியைக் கொட்ட நேராகப் பின்பக்கம் போனாள். சமையலறை ஜன்னல் வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாளியைக் காலி செய்துவிட்டுத் திரும்புகிறவள், இடம் தெரியாமல் புதுப் பாத்தியில் ஒரு காலை வைத்துவிட்டாள். கொத்தனாருக்கு அதட்டல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஈரத் தளத்தில் கால் வைக்கிற நாயையும் மனிதனையும் வாழ்நாள் முழுக்க அதட்டிய வாய் அது. ஆனால் அவள் காலை எடுக்கவில்லை. இன்னொரு காலையும் தூக்கி உள்ளே வைத்தாள். கணுக்கால் வரை மண்ணில் இறங்கியது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அப்படியே நின்றாள்.

அவர் மெதுவாக நடந்து பின்வாசலுக்கு வந்தார்.

"மெத்துன்னு இருக்குங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல். "நாள் முச்சூடும் அந்த சிமெண்டுத் தரையில நிக்கிறேன். உங்கள மாதிரி எவனோ ஒரு கெட்டிக்காரன் போட்ட தரை. ரெண்டு குதிகாலும் ராத்திரி பூரா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சு, வருஷக்கணக்கா."

"ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"உங்க முட்டியப் பாத்துட்டு எப்படிங்க என் குதிகாலச் சொல்றது?"

கொத்தனார் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் கால் விரல்களை மண்ணுக்குள் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுல என்ன போடப் போறீங்க?"

இன்னும் எதுவும் போடவில்லை என்றார்.

"எதுவும் போடாதீங்க. இது எனக்கு இருக்கட்டும்."

அவர் விழுந்த நாளிலிருந்து அவள் அவரிடம் வேண்டும் என்று கேட்டது இதுதான். சரி என்று தலையை ஆட்டினார். பிறகு குழாயடிக்குப் போய்ப் பூவாளியில் தண்ணீர் பிடித்து வந்தார். வரம்புச் செங்கல்லில் ஒரு கையை ஊன்றி, வலிக்கிற முட்டியைப் பக்கவாட்டில் நீட்டித் தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தைச் சுற்றி மெதுவாக ஊற்றினார். மண் குளிர்ந்து இளகியது.

"போதுங்க, வேர் விட்டுறப் போறேன்" என்றாள் பெரியக்கா.

"விடட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.