மலாக்கி சுட்ட ஸ்கோன்

அறுபத்திரண்டு வயதில் மலாக்கி முதன்முதலாக மாவில் கை வைத்தான். கன்று ஈனத் திணறும் மாட்டுக்கு உதவப் பழகிய கை அது. வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்த்துவிடு என்றால் முழிக்காமல் என்ன செய்யும்? வெண்ணெய் உருகி உள்ளங்கையெல்லாம் பிசுபிசுத்தது. திராட்சையையாவது தேநீரில் நன்றாக ஊறவைத்திருந்தான். மோரை ஊற்றிப் பிசைந்து, தட்டி, கண்ணாடி டம்ளரால் வட்டம் வட்டமாக வெட்டி அடுப்புக்குள் தள்ளினான். தேநீரோடு தின்னும் குட்டி ரொட்டி, ஸ்கோன்.

எல்லாம் அக்காவுக்காக. அட்ராக்டா நாற்பது வருஷம் பர்மிங்ஹாமில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு வாரத்துக்குப் பிறந்த மண்ணான லீட்ரிமுக்கு வந்தாள், இன்று கிளம்புகிறாள். அவள் இந்த வீட்டிலேயே தங்கிவிட வேண்டும் என்று மலாக்கிக்குக் கொள்ளை ஆசை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கேட்டான். “அதெல்லாம் வேண்டாம்டா” என்றாள். செவ்வாயன்று கோழிக்குத் தீனி போடும்போது மறுபடி கேட்டான். “எனக்கு எதுக்குடா இந்தச் சேறு?” என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டான். பர்மிங்ஹாம்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தானே! மேலே கேட்டால் நச்சரிப்பு. தன்னால் கேட்க முடியாததை ஸ்கோன் கேட்டுவிடாதா என்று ஒரு நப்பாசை, அவ்வளவுதான்.

அட்ராக்டா கோட்டும் தொப்பியுமாக இறங்கி வந்தாள். அவன் தட்டில் இரண்டை வைத்தான்.

“என்னடா இது? வேலிக்கு வச்ச கல்லா?”

“ஸ்கோன்க்கா.”

“ஸ்கோனா! ஏன் குடிச்சவன் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது? டம்ளரைத் திருகினியா?”

“லேசா.”

“நேரா அமுக்கி எடுக்கணும்டா, மக்கு! திருகினா எப்படி எழும்பும்?” ஒன்றைப் பிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். “திராட்சைங்களுக்குள்ள ஏதாவது சண்டையா? ஒண்ணு இங்க இருக்கு, அடுத்தது அடுத்த ஊர்ல இருக்கு.”

திட்டிக்கொண்டே வெண்ணெயை அப்பி இரண்டையும் தின்று முடித்தாள். மலாக்கிக்கு உள்ளூரச் சிரிப்புதான். ஆனால் கோட்டை மட்டும் அவள் கழற்றவில்லை.

வாசலில் வண்டிச் சத்தம். விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஃபின்டன் பெட்டியை எடுக்க உள்ளே வந்தான்.

“ஒரு ஸ்கோன் சாப்பிடுப்பா” என்றாள் அட்ராக்டா.

“ஐயோ, வேண்டாங்க. இப்பதான் சாப்பிட்டேன்.”

“சூடா இருக்கு.”

“இருக்கட்டுங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“அட, உட்காருப்பா. ஒண்ணே ஒண்ணு!”

அவள் சொல்லி முடிக்குமுன் உட்கார்ந்துவிட்டான். ஒன்று மூன்றாயிற்று.

மலாக்கி அக்காவைப் பார்த்தான், ஃபின்டனைப் பார்த்தான். இந்த ஊரில் மூன்றாம் தடவை கேட்குமுன் கை நீட்டினால் பறக்காவெட்டி என்று சிரிப்பார்கள். ஃபின்டனை மூன்று தடவை கேட்டாளே, அக்கா அதை இம்மியும் மறக்கவில்லை. பர்மிங்ஹாம் அவளை ஒன்றுமே செய்யவில்லை. அவளை நான் எத்தனை தடவை கேட்டேன்? இரண்டு! அடப்பாவி, இரண்டே தடவை!

“அக்கா.”

“என்னடா?”

“இங்கயே இருந்துடுக்கா. தனியா இருக்க முடியல. சாயங்காலமானா மாட்டுக்கிட்டதான் பேசுறேன்.”

அட்ராக்டா கோப்பையை டக்கென்று வைத்தாள். கண் சிவந்துவிட்டது.

“செவ்வாய்க்கிழமையிலேருந்து காத்துக்கிட்டிருக்கேன்டா, தடியா! நாலு நாளாத் தூக்கமில்ல. ரெண்டு தடவை கேட்டுட்டு விட்டுட்டியே, ஒப்புக்குத்தான் கேட்டிருக்கான், இவனுக்கு நாம வேண்டாம்னு நினைச்சு அழுதேன்டா.”

“நீதானே வேண்டாம்னு சொன்ன?”

“பின்ன? கேட்டதும் பெட்டியைப் பிரிச்சு அடுக்கிடுவேனா? என்னை என்னன்னு நினைச்ச?”

ஃபின்டன் வாய் நிறைய ஸ்கோனோடு பெட்டியின் பிடியில் கை வைத்தான். “அப்ப, இதை எங்க...?”

“மாடிக்குக் கொண்டுபோப்பா” என்றாள் அட்ராக்டா.

அறுபத்திரண்டு வயதுக்காரன் வண்டிக்காரன் எதிரிலேயே அழுதான். வெட்கமாகவே இல்லை.