ஆறாத இன்ஜின்

ஒரு பெண் தன் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து இறந்துபோனாள். நான்கு வருடமாகியும் அதன் இன்ஜின் ஆறவில்லை. அலுவலகத்திலிருந்து வந்தவள் தலை வலிக்கிறது என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போன பிறகு, காரைத் தள்ளி ஓரமாக விடலாம் என்று பானெட்டில் கை வைத்த கணவன் வெடுக்கென்று கையை எடுத்தான். சாவி உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. காரோ இப்போதுதான் யாரோ ஓட்டி வந்து நிறுத்தியது போலக் கொதித்தது. அவன் இயற்பியல் படித்தவன், வெப்பத்துக்கென்றே ஒரு தனித்தாள் எழுதித் தேறியவன். சூடான பொருள் எந்த வேகத்தில் ஆறும் என்பதற்கு அவனுக்குச் சூத்திரம் தெரியும். இன்ஜினுக்குத் தெரியவில்லை. அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது பானெட்டின் ஓரத்தில் கை வைத்துப் பார்ப்பான். சூடாக இருந்தால் போவான். சூடாகத்தான் இருந்தது. அன்றன்றைய நாளை ஓட்ட அவனுக்கு அது போதுமாயிருந்தது.

தெரு ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படக் கொஞ்சம் ஓய்வு வேண்டும்; தெருவுக்கு அதைவிட அவசரமான விஷயங்கள் இருந்தன, முக்கியமாக ஈரத்துணி. மழைக்காலத்தில் மாடிவீட்டுக்காரி குழந்தைகளின் சாக்ஸைப் பானெட்டின் மேல் ஜோடி ஜோடியாகப் பரப்பினாள். இஸ்திரிக்காரர் கரி மிச்சம் என்று சட்டைக் காலர்களை அதிலேயே அழுத்தி எடுத்தார். ஒரு பூனை வருடம் தவறாமல் அதன் அடியில் குட்டி போட்டது. யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோடை வந்ததும் அதே வாய்கள்தான் பேசின. "தம்பி, உங்க காரால எங்க வீட்டுச் சுவரே கொதிக்குது. கொஞ்சம் தள்ளி நிறுத்தினா என்ன கொறஞ்சா போயிடும்?" என்றாள் மாடிவீட்டுக்காரி. தள்ளி நிறுத்தினான். அடுத்த மழைக்கு சாக்ஸும் தள்ளி வந்தது.

இறந்தவளின் அண்ணனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும். கேட்காததைச் சொல்லாமல் இருக்க மட்டும் தெரியாது. மாதம் ஒருமுறை வந்து காரைச் சுற்றி நடந்து, டயரை உதைத்து, உச்சுக்கொட்டுவான். "மாப்ளே, தங்கச்சி காரை இப்படிப் போட்டு வெச்சு என்ன பண்ணப் போறீங்க? ஆற வெச்சு வித்துடலாம். இந்தச் சூட்டோட எவன் வாங்குவான், குளிர் காயவா?" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டான். கணவன் 'ம்' என்றான். அந்த நாட்களில் அவன் எல்லாவற்றுக்கும் 'ம்' என்றுதான் சொன்னான். பால்காரர் பால் கூடுதலாகப் போடவா என்றாலும் 'ம்', மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறாயா என்றாலும் 'ம்'. அப்படித்தான் வீட்டில் பால் பொங்கி வழிந்தது, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் புகைப்படமும் வந்து சேர்ந்தது. கார் விஷயத்திலும் அந்த 'ம்' சம்மதமாகிவிட்டது. ஆறினால் விற்றுவிடுவார்கள். விற்காவிட்டாலும், ஆறிப்போன காரில் காலையில் கை வைக்க ஒன்றும் இருக்காது. இது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சொல்லத்தான் வாய் எழவில்லை.

அண்ணன் கூட்டி வந்த மெக்கானிக்குக்கு ஊரில் 'டாக்டர்' என்று பெயர். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார், கண்ணை மூடிக்கொள்வார், பிறகு ஏதாவது சொல்வார். அவரிடம் போன கார்கள் பெரும்பாலும் அவரிடமே தங்கிவிட்டன. அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பழைய கார், அந்தக் காலத்துக் கம்பெனிக்காரனுக்கு விவரம் போதாது என்றார். முதல் வருடம் இன்ஜினைக் குளிர்விக்கிற கூலண்ட் திரவத்தை மாற்றினார். புதியது பச்சையாக உள்ளே போய் மாலையில் ஆவியாக வெளியே வந்தது. அடுத்த வருடம் முன்பக்கத் தகரத்தை வெட்டி ஒரு லாரி ரேடியேட்டரைச் சொருகினார். பல்லுக்கு மேல் பல் முளைத்த முகம் போலக் கார் நின்றது. சூடு அசையவில்லை. அதற்கடுத்து பெல்ட்டில் சுற்றும் ஃபேனைக் கழற்றி எறிந்துவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் வைத்தார். பேட்டரி தாங்காது என்று வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுத்தார்கள். இரவும் பகலும் ஃபேன் ஓடியது. சாக்ஸ் முன்னைவிடச் சீக்கிரம் காய்ந்ததாக மாடிவீட்டுக்காரி சொன்னாள். முன்னேற்றம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

நான்காம் வருடம் டாக்டர் கடைசி வைத்தியத்துக்கு வந்தார். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வாயில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னப் பித்தளை வில்லை இருக்கும். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரும்வரை அது தண்ணீரை விடாது. வந்த பிறகு திறந்துவிடும். அந்த ஊரில் பழைய கார் வாங்கியவர்கள் செய்கிற முதல் காரியமே அதைப் பிடுங்கி எறிவதுதான். ஏன் என்று கேட்டால் எல்லோரும் பிடுங்குகிறார்கள் என்பார்கள். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு மாப்ளே? தண்ணிய வழிமறிச்சு நிக்குது, வாட்ச்மேன் மாதிரி" என்றான் அண்ணன். டாக்டர் இரண்டு போல்ட்டைக் கழற்றி, வில்லையை நோண்டி எடுத்து, தோளுக்குப் பின்னால் வீசினார். அது உருண்டு வந்து வாசற்படியில் நின்றிருந்த கணவனின் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தான். சூடாக இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். அன்று மாலைக்குள் இன்ஜின் ஆறியது.

ஆறியதோடு நிற்கவில்லை. மறுநாள் பானெட்டில் பனி படிந்திருந்தது, நடுக்கோடையில். பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு தெருவைவிட்டே போனது. அந்த வாரத்துக்குள் தெருவில் எந்தச் சூடும் நிலைக்கவில்லை. அடுப்பில் நீலத் தீ எரியும், மேலே தண்ணீர் சில்லென்று இருக்கும். இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றது, சட்டை கசங்கலாகவே இருந்தது. குடித்தனக்காரர்கள், சண்டை பாதியில் ஆறிப்போய், எதற்கு ஆரம்பித்தோம் என்று யோசித்து நின்றார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் ஆளுக்கொரு போர்வை கேட்டார்கள். அண்ணன் கார் வாங்கும் ஆளை ஒருமுறை கூட்டி வந்தான். ஸ்டியரிங்கைத் தொட்ட அந்த ஆள், விரல் மரத்துப்போய், பேரம்கூடப் பேசாமல் கிளம்பிவிட்டார். பிறகு தெரு மொத்தமும் திரண்டு வாசலுக்கு வந்தது. "உங்க சூட்டைத் திருப்பி வைங்க தம்பி, புள்ளைங்க நடுங்குது" என்றாள், அந்தச் சூட்டைப் பற்றி நான்கு கோடைகள் புகார் சொன்னவள். டாக்டரும் அண்ணனும் பழைய இரும்புக் குவியலில் அந்த வில்லையைத் தேடினார்கள். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டார்கள். அதுவும் உறைந்தது. கணவன் மெல்லிய சட்டையோடு படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சுக்கு மேல் பையில் அவனுடைய சூடு பத்திரமாக இருந்தது. தெரு உறைந்தால் உறையட்டும் என்றிருந்தது அவனுக்கு. நான்கு வருடத்தில் அவனுக்கு வந்த முதல் சந்தோஷம் அது. கேவலமான சந்தோஷம்தான், ஆனாலும் அதை விட்டுவிட அவனுக்கு மனமில்லை.

மாமியார் ஒரு மதியம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடந்தே வந்தாள். அந்த அம்மாள் காரைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களைக் குவித்து ஊதிக்கொண்டாள்.

"உங்களுக்கு மட்டும் குளிரலையா மாப்பிள்ளை?"

"ம்."

"அவளும் இப்படித்தான். கை எப்பவும் சுடும். சின்னதுல ஜுரமோன்னு தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ஜுரமெல்லாம் இல்ல. அவ சூடே அப்படி."

இதற்கும் ஒரு 'ம்' போட்டிருக்கலாம். அவன் பைக்குள் கைவிட்டு வில்லையை எடுத்து அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்தான். அவள் இது என்ன என்று கேட்கவில்லை. விரல்களை மூடிக்கொண்டாள். மூடிய கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரின் நிழல் அவர்கள் காலடிக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"இது எங்க இருக்கணும்?"

"இன்ஜின்ல, அத்தை."

"அப்ப அங்கயே வைங்க. பையில இருந்தா உங்களுக்கு மட்டும்தானே."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு எழுந்து ஸ்பேனரைத் தேடினான். "டார்ச் பிடிங்க அத்தை, உள்ள இருட்டா இருக்கு" என்றான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு. வீட்டிலிருந்து போன ஒயரைப் பிடுங்கினான். டாக்டர் போட்ட புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை அதன் இடத்தில் வைத்து, தண்ணீர் ஒழுகாமலிருக்கப் புது கேஸ்கட் வெட்டி, இரண்டு போல்ட்டையும் முடுக்கினான். தண்ணீர் ஊற்றினான். சாவியைத் திருப்பியதும், நேற்றுத்தான் நிறுத்தியது போல, கார் கிளம்பியது. தெருவில் ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

லாரி ரேடியேட்டர் வேலை செய்துவிட்டது என்று டாக்டர் இன்றும் சொல்லிக்கொள்கிறார். அண்ணனிடம், கார் விற்பதற்கில்லை என்று கணவன் முழு வாக்கியமாகவே சொன்னான். "யார் மாப்ளே விக்கச் சொன்னா?" என்றான் அண்ணன். இப்போது கார் கொதிப்பதில்லை, உறைவதுமில்லை. நிறுத்தி எத்தனை நாளானாலும் ஒரே இதமான சூடு. அந்த ஊரில் யாரும் கார் ஹீட்டரின் குமிழைத் திருப்பியதாக வரலாறு இல்லை. மாமியார் வாரம் ஒருமுறை வந்து முன்சீட்டில் உட்கார்ந்து, அதை முழுசாகத் திருப்பி, காற்று வரும் துவாரத்தின் முன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொள்கிறாள். மாப்பிள்ளை ஓட்டுகிறான். கொளுத்துகிற வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருவரும் வியர்க்க வியர்க்கப் போவதைத் தெரு பார்க்கிறது. பைத்தியங்கள் என்று சொல்வதில்லை, அந்தப் பேச்சு எப்போதோ சலித்துவிட்டது. கார் வெளியே போகிற மழைநாளில் சாக்ஸ் காய்வதில்லை என்ற குறை மட்டும்தான் தெருவுக்கு.